லார்ச் பலகையா, பச்சைப் பைனா?

ஒஸ்லோவில் எங்கள் வீட்டுப் பின்பக்க மரத்தளம் 2002க்கு முன் போட்டது. மக்கிப்போகாமலிருக்க ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றிய மரத்தை நோர்வே அந்த ஆண்டுதான் தடை செய்தது. அதனால் கழற்றிய பலகைகளை அபாயகரக் கழிவாகத் தனியே கொண்டுபோய்க் கொடுத்தோம். அப்புறம் இரண்டு வழிதான் எங்கள் முன் நின்றது: செம்பு மருந்து ஏற்றியதால் பச்சை நிறமான பைன், இல்லையென்றால் மருந்தே ஏற்றாத லார்ச் (அதுவும் பைன் போல ஓர் ஊசியிலை மரம்). லார்ச் போட்டோம்.

விலையில் பைன் மலிவு, அதில் பேச்சே இல்லை. அடியில் மண்ணோடு ஒட்டியிருக்கும் சட்டத்துக்கு நானும் பைனைத்தான் போட்டேன்.

மேல்பலகைக்கு மட்டும் மனம் மாறியது பராமரிப்பை நினைத்துத்தான். பைன் தளத்தை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பாசி போகத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் பூச வேண்டும். அதற்குச் சேர்ந்தாற்போல் சில நாட்கள் மழை இல்லாமல் இருக்க வேண்டும். பனியும் இருட்டுமாக மாதக்கணக்கில் அடைந்து கிடந்துவிட்டு, வெளியே உட்காரக் காத்திருக்கும் மே, ஜூன் நாட்களும் அவையேதான். ஜூன் நடுவில் இரவு பத்தரைக்குப் பிறகுதான் சூரியன் மறையும். அந்த மாலைகளில் எத்தனையைப் பழைய தளத்தில் பிரஷ்ஷும் கையுமாக மண்டியிட்டே கழித்திருக்கிறேன்!

லார்ச்சுக்கு வசந்தத்தில் ஒருமுறை சவர்க்கார நீரும் துடைப்பமும் போதும். வெயிலும் மழையும் பட்டுத் தானாகவே வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அதன்மேல் ஓர் ஆட்டுத்தோல், கம்பளிப் போர்வை, மெழுகுவர்த்தி விளக்கு; நோர்வேக்காரர்கள் 'கூஷ்லி' என்று சொல்லும் இதம் வந்துவிடுகிறது. ஆனால் எல்லா இடமும் ஒரே சீராக நரைக்காது. கூரை விளிம்பின் கீழ் ஒரு முழ அகலத்துக்கு எங்கள் தளம் இன்னும் தேன் நிறத்தில்தான் இருக்கிறது. முதல் ஆண்டு கண்ணை உறுத்தியது, இப்போது பிடித்துப்போய்விட்டது.

குறை இல்லாமல் இல்லை. வெறுங்காலில் சிராய் ஏறும். பலகை நுனியில் முதலில் துளை போடாமல் திருகினால் பிளந்துவிடும். சாதாரணத் திருகாணியைச் சுற்றிக் கறுப்புக் கறை படியும், அமிலம் தாங்கும் துருப்பிடிக்காத எஃகே வேண்டும். அதன் விலையையும் கணக்கில் சேருங்கள்.

எங்கள் தளம் பார்த்தது நான்கு குளிர்காலம்தான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மேற்குக் கரை நகரமான பெர்கன் பக்கம் வீடு என்றால், பத்து வயதான லார்ச் தளம் ஒன்றை அக்கம்பக்கத்தில் தேடிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.