சத்தம் வராத பழைய லேப்டாப்புக்கு ‘ஐசி போச்சு’ என்றால் உடனே பணத்தை நீட்டாதீர்கள்

7 வருடம் ஓடிய லேப்டாப். ஸ்பீக்கர் ஊமை. கடையில் திறந்துகூடப் பார்க்காமல் ‘ஆடியோ ஐசி போச்சு’, அதாவது சத்தத்தைக் கையாளும் சிப் கெட்டுவிட்டது என்று சொல்லி 4,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். மூன்று வாரம் பாடியது, பிறகு பழையபடி ஊமை. அடிமூடியைக் கழற்றி லென்ஸில் பார்த்தால், ஐசி கம்பெனியில் வைத்தபடியே இருக்கிறது. மாற்றியிருந்தால் எவ்வளவு துடைத்தாலும் கால் இடுக்கில் சால்டரிங்கில் தடவும் ஃப்ளக்ஸ் பசையின் கறை கொஞ்சம் பெரும்பாலும் மிஞ்சும். இங்கே சுற்றிலும் படிந்த தூசிகூடக் கலையவில்லை.

கோளாறு ஹெட்போன் ஜாக்கில். அதற்குள் மெல்லிய தகடு ஒன்று உண்டு. ஹெட்போன் பின்னைச் செருகினால் அது நகரும். ‘ஹெட்போன் வந்துவிட்டது’ என்று போர்டு ஸ்பீக்கரை அணைத்துவிடும். சட்டைப்பை பஞ்சு உள்ளே அடைந்தாலோ, தகடு வளைந்தாலோ, ஜாக் காலியாக இருக்கும்போதும் ஸ்பீக்கர் பேசாது. பின்னை நாலு தடவை குத்தி எடுத்தாலே சில நாள் சரியாகும். அந்த நாலு குத்துக்குத்தான் 4,500.

கடைக்குப் போகும் முன் அரை மணி நேரம் செலவழியுங்கள். ப்ளூடூத்தில் பாட்டு கேட்பதால் ஐசி நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அந்தச் சத்தம் ஐசி வழியாகப் போவதே இல்லை. எச்டிஎம்ஐ-யும் அப்படியே. கம்பி ஹெட்போன் போட்டுப் பாருங்கள். அதில் தெளிவாகக் கேட்டால் ஐசி அநேகமாக உயிரோடுதான் இருக்கிறது. சந்தேகம் ஜாக்கின் மேலும் ஸ்பீக்கரின் மேலும்தான். அதிலும் கேட்கவில்லையா? பென்டிரைவில் உபுண்டு (விண்டோஸ் போன்ற இலவச ஓஎஸ்) ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் ‘ட்ரை’ கொடுத்து ஓட்டுங்கள். அங்கே பாடினால் கோளாறு விண்டோஸ் டிரைவரில், செலவு பூஜ்யம். ஜாக்கில் எதுவும் செருகாதபோதும் சவுண்ட் செட்டிங்கில் ஹெட்போன் என்று காட்டினால் ஜாக் மாட்டிக்கொண்டது.

ஸ்பீக்கரைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள், பிறகு ஸ்பீக்கர் கனெக்டரை. 4 ஓம் ஸ்பீக்கர் 3.5 முதல் 4.5 வரை காட்டும். எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. ஓம் சரியாக இருந்தும் கரகரவென்றால் கூம்பு கிழிந்திருக்கும். ஜோடியாகவே மாற்றுங்கள், பழைய ரப்பர் வாஷர்களை மறக்காமல் புதியதில் போடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் புது ஸ்பீக்கரும் மூடியோடு அதிரும். பல மாடல்களில் ஜாக் தனிச் சின்ன போர்டில் இருக்கும், ஒரு பட்டை கேபிள்தான் இணைப்பு. அந்த போர்டை மட்டும் மாற்றினால் போதும். மெயின் போர்டிலேயே ஜாக் இருந்தால் சால்டரிங் தெரிந்த கை வேண்டும்.

நிஜமாகவே ஐசி போயிருந்தால்? 7 வருட மெஷினுக்கு அந்த வேலை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஐசியைக் கழற்ற ஹாட் ஏர் (சூடான காற்று) அடிக்கும்போது பக்கத்து கனெக்டர் உருகினால் மொத்த போர்டும் ஆபத்து. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டில் தனி ஐசி இருக்கிறது. செருகினால் ஹெட்போன், மைக் இரண்டும் ஓடும். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11 ஏறாத மெஷின் என்றால் இன்னும் யோசிக்கவே வேண்டாம்.

கடையில் விட்டே ஆக வேண்டுமென்றால் எஸ்எஸ்டி-யின் சீரியல் எண்ணையும் ரேம் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்துக்கொண்டு விடுங்கள். பில்லில் ‘ஐசி மாற்றம்’ என்று எழுதினால், கழற்றிய ஐசியைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.