கடைத்தெரு மசாலா மில்: கைப்பிடித்துப் பார்த்து அரைக்கும் இடம்

பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறினால், அக்கரையில் இறங்கி நடந்தே போய்விடலாம். மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், நம் பெரியவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசாரை ஒட்டிய சந்தில் இருக்கிறது இந்த மசாலா மில். பலகையில் எழுத்து மங்கிவிட்டது. மிஷின் சத்தத்தை வைத்துக் கண்டுபிடியுங்கள்.

பேரங்காடியில் விற்கும் பாக்கெட் தூளை நான் குறை சொல்லவில்லை, அவசரத்துக்கு நானும் வாங்குகிறேன். ஆனால் என் வீட்டுக் குழம்புக்கு இந்த மில்கார அண்ணன் அரைத்துத் தருவதுதான் சரி.

பையைக் கொடுத்ததும் தராசில் வைக்க மாட்டார். மல்லிக்குள் கைவிட்டு அளைவார். மிளகாய் ஒன்றை எடுத்து ஒடிப்பார். சட்டென்று முறிந்தால்தான் அரைப்பார். வளைந்தால், "தங்கச்சி, இன்னும் ஒரு வெயில் காயட்டும். இப்ப அரைச்சா சல்லடையில அப்பிக்கும், தூளும் சீக்கிரம் கெட்டுப்போகும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கடல் தாண்டி வந்தவளுக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தேன்: கைக்கு வந்த கூலியை விட்டுவிட்டு என் பொருளைக் காப்பாற்றுகிறாரே! மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அப்போது அவரே இரும்புச் சட்டியில் சூடுகாட்டி அரைத்துத் தருவார். அதற்குத் தனியாகக் காசு வாங்கியதே இல்லை.

எனக்கு முன்னால் யாராவது மஞ்சள் அரைத்திருந்தால், ஒரு பிடி அரிசியை ஓட்டி மிஷினைச் சுத்தம் செய்த பிறகே என் மல்லியைக் கொட்டுவார். மீன் கறிக்கா இறைச்சிக்கா என்று கேட்டு, வெந்தயம் அதிகமாக இருந்தால் அள்ளி வைத்துவிடுவார்.

மாமியாருக்கு வயிற்றுப்புண் வந்தபோது காரத்தைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அண்ணன் அத்தைக்குத் தனிப்பொட்டலமாக அரைக்கலாம் என்றார். மிளகாயைப் பாதிக்கும் கீழே குறைத்து, அதிலும் காஷ்மீர் மிளகாயாகப் போடச் சொன்னார். நிறம் இருக்கும், உறைப்பு குறைவு. வெளுத்துப்போன குழம்பைப் பார்த்தாலே தட்டைத் தள்ளிவைக்கும் அத்தை அன்று இரண்டாம் முறை சோறு கேட்டார். அடுத்த தடவை போனபோது, நான் வாய் திறக்கும் முன்னே, "அத்தைக்கு ஒத்துக்கிச்சா?" என்று விசாரித்தார்.

2000-இல் பழைய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. இந்த வட்டாரத்தில் எத்தனையோ பழைய கடைகள் போய் கஃபேக்கள் வந்துவிட்டன. அப்படிப்பட்ட இடத்தில் கிலோவுக்கு 4 வெள்ளி (ரிங்கிட்) கூலி. அதிலும் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. தயவுசெய்து கேட்ட காசைக் கொடுங்கள்.

குறைகளும் உண்டு. உட்கார நாற்காலி கிடையாது. ரொக்கம் மட்டும்தான் வாங்குவார். கார் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. தீபாவளிக்கு முந்தின வாரம் போனால் வரிசையிலேயே பாதி நாள் போய்விடும், முன்கூட்டியே போய்விடுங்கள். காலையில் போவது நல்லது, அப்போதுதான் அவருக்கும் நின்று பேச நேரம் இருக்கும். அரைத்த தூள் கொதிக்கக் கொதிக்க இருக்கும், அப்படியே டின்னில் மூடிவிடாதீர்கள். வீட்டில் பேப்பரில் பரப்பி, நன்றாக ஆறவிட்டுப் போடுங்கள்.