ஜம்போ விமானம் வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

கோலாலம்பூர், கிள்ளான் பக்கம் உணவகம் நடத்துபவர்கள் தயவுசெய்து படியுங்கள். கைவிடப்பட்ட போயிங் 747 ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி, அதையே உணவகமாக மாற்றித் தருவதாக ஒரு புரோக்கர் சுற்றிக்கொண்டிருக்கிறார். நானும் என் மச்சானும் கொடுத்த 60 ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

ஆள் பேச்சில் கெட்டிக்காரர். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடுவே, 2015 டிசம்பரில் நாளிதழில் வந்த விளம்பரத்தைக் கைப்பேசியில் காட்டினார். கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் நின்ற மூன்று 747-200 விமானங்களை உரிமையாளர் 14 நாளில் வந்து எடுக்காவிட்டால் விற்றுவிடுவோம் என்று விமான நிலைய நிர்வாகம் போட்டது. அந்த விளம்பரம் உண்மைதான். “பாத்தீங்களாண்ணே, இப்படித்தான் கேப்பாரில்லாம கெடக்கு” என்றார். எங்களுக்கு அவர் பேசி முடித்த விமானம் அண்டை நாட்டில் நின்றது. மூன்றரை லட்சம் வெள்ளி, எல்லாம் சேர்த்து. இயந்திரங்களையும் சக்கரத் தொகுதியையும் விற்றாலே போட்ட பணம் திரும்பிவிடும், வெறும் கூடு நமக்கு இலவசம் என்பது அவர் கணக்கு.

பணம் கைமாறியதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான்கு இயந்திரங்களில் இரண்டு வேறொரு குத்தகை நிறுவனத்துடையவை. மீதி இரண்டுக்கும் பராமரிப்புப் பதிவேடு கிடையாது. எத்தனை முறை பறந்தது, எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்ற ஆவணம் இல்லாத இயந்திரத்தை எந்த விமான நிறுவனமும் தொடாது. இரும்புக் கடை விலைதான். போதாததற்கு வருடக்கணக்கில் நிறுத்துமிடக் கட்டணம் பாக்கி. அதைத் தீர்க்காமல் விமானம் அங்கிருந்து நகராது. இதெல்லாம் புரோக்கருக்கு முன்பே தெரியும். குத்தகை நிறுவனத்தின் கடிதம் அவர் பெயருக்குத்தான் வந்திருந்தது!

பறக்கவைத்தே கொண்டுவந்துவிடலாம் என்றும் ஒருநாள் சொன்னார். நம் ஊர் போன்ற ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்கில் சும்மா நின்ற விமானத்தின் உலோக உடம்பு அரித்துப்போகும். அதனால்தான் அமெரிக்காவின் மொஹாவே, ஆஸ்திரேலியாவின் அலிஸ் ஸ்பிரிங்ஸ் மாதிரி வறண்ட இடங்களில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். முழுதாகப் பிரித்துச் சோதித்து மீண்டும் பறக்கத் தகுதியாக்கப் பல மில்லியன் டாலர் வேண்டும். விமானி இருவர் போக விமானப் பொறியாளர் ஒருவரும் உட்கார்ந்து ஓட்டும் பழைய ரகம் வேறு.

சரி, அறுத்துக் கப்பலில் கொண்டுவரலாம் என்றால், இறக்கைக்கு இறக்கை 59.6 மீட்டர், நீளம் 70 மீட்டருக்கு மேல். 2019-ல் நெதர்லாந்தில் ஒரு 747-ஐ ஒரு ஹோட்டல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். வெறும் 12.5 கிலோமீட்டர்தான், வயல்களில் இரும்புத் தகடு பரப்பி, நெடுஞ்சாலையை மறித்து, பல நாள் இழுத்தார்கள். இங்கே துறைமுகத்திலிருந்து நாங்கள் உணவகம் வைக்க நினைத்த மோரிப் வரை யார் இழுப்பது என்று கேட்டதற்கு, “லோரிக்காரங்க இருக்காங்கண்ணே” என்றார்.

விலையைக் கேட்டு மயங்காதீர்கள். 2020-ல் இங்கிலாந்தில் ஒரு 747 ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அதை விருந்து மண்டபமாக்க ஆன செலவு சுமார் 13 லட்சம் பவுண்ட். இத்தனைக்கும் அது வந்து இறங்கிய விமான நிலையத்திலேயே நிற்கிறது, இழுப்புக்கூலி இல்லை.

போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். முன்பணத்தைக் கேட்டால் அது ‘பரிசோதனைக் கட்டணம்’ என்கிறார். ரசீதில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை. இப்போது ஈப்போவில் வேறொரு விமானத்தின் படத்தோடு ஆள் பிடிக்கிறாராம். உங்களிடம் வந்தால் மூன்று கடிதங்களைக் கேளுங்கள்: இயந்திரங்கள் யாருடையவை, பதிவேடு யாரிடம், விமான நிலையப் பாக்கி எவ்வளவு. மூன்றும் கைக்கு வரும்வரை ஒரு காசு நகரக் கூடாது.