சென்னை மழை, பெங்களூர் மழை: ஆர் மொழியில் எதை வைத்து வரைவது?

செப்டம்பர் மழை. பெங்களூர் சில்க் போர்டு சந்திப்புப் பக்கம் வண்டி நகராது என்று தெரிந்து ஆபீசிலேயே உட்கார்ந்திருந்தோம். "இதெல்லாம் மழையா? நவம்பர்ல சென்னைக்கு வந்து பாருங்க" என்றார் ஒரு சென்னைக்காரர். சேலத்திலிருந்து புதிதாக வந்திருக்கும் தம்பி, "வரைஞ்சே பாத்துடலாம்ணா" என்று லேப்டாப்பைத் திறந்தான்.

இரண்டு ஊர்களின் மாதவாரி சராசரி மழைதான் தரவு. வரைய ஆர் (R), அதாவது புள்ளியியலுக்கும் படங்களுக்குமான நிரல்மொழி. அவன் ஆர் மொழியுடனேயே வரும் அடிப்படை வரைகலையை எடுத்தான். நான் எடுத்தது ஜிஜிபிளாட்2 (ggplot2), 2007 முதல் இருக்கும் தனி வரைகலைத் தொகுப்பு. (லேட்டிஸ் என்று மூன்றாவதும் உண்டு. டெல்லி இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தீபாயன் சர்க்கார் எழுதியது. நன்றாகவே வரையும், ஆனால் படத்துக்குள் கூடுதலாக எதையாவது சேர்க்க நினைத்தால் பேனல் ஃபங்ஷன் (கட்டத்துக்குள் வரைவதைச் சொல்லும் சின்ன நிரல்) எழுத வேண்டியிருக்கும் என்பதால் நாங்கள் தொடவில்லை.)

முதல் சுற்று அவனுக்கு. பட்டைப்படம் வரையும் பார்பிளாட் கட்டளை, ஒரே வரி, ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கொடுத்த வரிசையிலேயே பட்டைகள். என் படத்தில் வருஷம் அக்டோபரில் தொடங்கி, அடுத்து ஆகஸ்ட், அப்புறம் ஏப்ரல்! எழுத்தாகக் கொடுத்த பெயர்களை ஜிஜிபிளாட் அகர வரிசையில்தான் அடுக்கும். மாதங்களை ஃபேக்டராக்கி (வரிசை குறித்த வகைகளாக மாற்றி), வரிசையை நாமே சொல்லித்தர வேண்டும். போதாததற்கு நீல நிறத்தை ஏஇஎஸ் (aes) அடைப்புக்குறிக்குள் போட்டுத் தொலைத்தேன். தரவின் எந்தப் பகுதி எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் இடம் அது, நிறத்தின் பெயரையும் தரவாகவே எடுத்துக்கொள்ளும். பட்டைகள் இளஞ்சிவப்பாக வந்து, ஓரத்தில் 'நீலம்' என்று குறிப்பு வேறு. இத்தனை வருஷம் ஆகியும் இதில் விழுகிறேன்.

இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் ஆட்டம் திரும்பியது. அவன் திரையை இரண்டாகப் பிரித்து வரைந்தான். சென்னையின் நவம்பரும் பெங்களூரின் செப்டம்பரும் கிட்டத்தட்ட ஒரே உயரம். "சமம்தாண்ணா!" அச்சைப் பார்த்தால்தான் விஷயம் தெரிந்தது: முதலாவது 350 மி.மீ.க்கு மேல், இரண்டாவது 200ஐ ஒட்டி. ஒவ்வொரு படமும் தனக்கென்று ஓர் அளவுகோல் எடுத்துக்கொண்டுவிட்டது. ஒய்லிம் (செங்குத்து அச்சின் எல்லை) கொடுத்து இரண்டுக்கும் ஒரே உச்சத்தை நாம்தான் கட்ட வேண்டும். தரவைப் பிரித்துப் பக்கத்துப் பக்கத்தில் வரையும் ஜிஜிபிளாட்டின் ஃபேசெட் கேட்காமலே பொது அளவுகோல் போடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, அடுத்தவர் கண்ணில் படப்போகும் படம் என்றால் நான் ஜிஜிபிளாட்டுக்குப் போய்விடுவேன். எனக்காகச் சட்டென்று பார்க்க அடிப்படையே போதும்.

சென்னை நவம்பர் பட்டையின் தலையில் 'வடகிழக்குப் பருவமழை' என்று எழுத இரண்டு பேருமே திணறினோம். பதினோராவது மாதம்தானே என்று அவன் கிடை அச்சில் 11 என்று இடம் கொடுத்தான். எழுத்து நவம்பரை விட்டுத் தள்ளி நின்றது. பட்டையின் அகலம் 1, இடைவெளி 0.2, அதனால் முதல் பட்டையின் நடு 0.7, நவம்பரின் நடு 12.7. நல்லவேளை, பார்பிளாட்டே அந்த இடங்களைத் திருப்பித் தருகிறது. அதை ஒரு மாறியில் பிடித்து வைத்தால் கணக்குப் போட வேண்டியதில்லை. எனக்கு இடம் சரியாக விழுந்தது, ஆனால் பெங்களூர் படத்திலும் அதே வாசகம் வந்து உட்கார்ந்தது. ஊர்ப்பெயர் போட்டு ஒற்றை வரித் தரவு ஒன்று செய்து கொடுத்த பிறகுதான் சென்னையோடு நின்றது.

கடைசியில் பிடிஎஃப் எடுத்தோம். தமிழ் எழுத்து இருந்த இடமெல்லாம் வெறும் புள்ளிகள், இரண்டு பேர் படத்திலும்தான். குற்றம் வரைந்த கருவியில் இல்லை, சேமித்த கருவியில்: வழக்கமான பிடிஎஃப் சாதனத்துக்குத் தமிழ் தெரியாது. கெய்ரோ பிடிஎஃப் என்ற வேறொரு சாதனத்துக்கு மாற்றியதும் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் வந்தன. படத்தைச் சென்னைக்காரருக்கு அனுப்பினான் தம்பி. மழை இன்னும் விடவில்லை.