127 பாகை என்று பயங்காட்டி 38,500 ரூபா வாங்கிவிட்டார்கள்

38,500 ரூபா. யாழ் நகரில் கணினி திருத்தும் கடையொன்றுக்கு அவ்வளவையும் கொடுத்துவிட்டு, கொண்டுபோன அதே குறையோடு பெட்டியைத் திரும்ப ஆட்டோவில் ஏற்றி வந்திருக்கிறேன். கை இன்னும் நடுங்குகிறது. மற்றவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக, கவனிக்க வேண்டியவற்றையும் கடைசியில் எழுதுகிறேன்.

என் கணினியில் ஓடுவது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் காட்டும் சென்சர்ஸ் கட்டளையைக் கொடுத்தால், ஆக்ஸ்டின் என்ற துணை வெப்ப உள்ளீட்டின் வரியில் 127 பாகை செல்சியஸ், ஒரு விசிறிக்கு 0 ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி). கடைக்காரர் திரையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "தம்பி, இது இன்னும் எரியாமல் இருப்பதே அதிசயம். மதர்போர்டில் சென்சர் செத்துவிட்டது. கொழும்பிலிருந்து போர்ட் எடுப்பிக்கிறேன், யோசிக்காமல் விட்டுவிட்டுப் போங்கள்." தேநீர் வேறு வரவழைத்தார். பணம் முழுவதும் முற்பணம். பற்றுச்சீட்டு வேலை முடிந்த பிறகாம்.

புதிய போர்ட் வந்தது. அதே 127. அதே 0.

காரணம் இதுதான்: இத்தகைய போர்டுகளில் வெப்பத்தையும் விசிறிகளையும் கண்காணிக்கும் நுவோடன் நிறுவனச் சிப்புக்கு வெப்பம் அளக்கும் உள்ளீடுகள் பல. எல்லாவற்றிலும் தயாரிப்பாளர் உணரியைப் பொருத்துவதில்லை. வெறுமையாகக் கிடக்கும் உள்ளீட்டில் தோன்றும் அர்த்தமற்ற எண்ணை லினக்ஸ் அப்படியே காட்டுகிறது. விசிறி செருகாத இணைப்பு 0 காட்டாமல் வேறென்ன காட்டும்? பிராசசரின் உண்மையான வெப்பம் அதே கட்டளை காட்டும் கோர்டெம்ப் பகுதியில் 44 என்று, எல்லை 100 என்பதோடு சேர்ந்து, அவர் கண் முன்னாலேயே இருந்தது!

கேட்கப் போனால், "லினக்ஸ் அப்படித்தான் காட்டும், விண்டோஸ் போட்டுத் தருகிறேன், அதற்குத் தனிக் காசு" என்கிறார். லினக்ஸ்தான் பிழையாகக் காட்டுகிறது என்றால் போர்டை ஏன் ஐயா மாற்றினீர்கள்? பழைய போர்டைத் தாருங்கள் என்றேன். எறிந்துவிட்டார்களாம். அதன் பிறகு எப்போது அழைத்தாலும் "சேர் வெளியில் போய்விட்டார்" என்கிறான் கடைப் பையன். 38,500 ரூபாவைப் பற்றிப் பேச அங்கே ஆளில்லை.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) காட்டும் வெப்பத்தோடு ஒப்பிடுங்கள். போர்டிலுள்ள உணரிச் சிப்புகளைக் கண்டறியும் சென்சர்ஸ்-டிடெக்ட் கட்டளையை ஓட்டுங்கள். பொய்யான வரியை ஈடிசி (/etc) கோப்புறைக்குள் உள்ள சென்சர்ஸ்.டி (sensors.d) கோப்புறையில் ஒரு கோப்பில் இக்னோர் (ignore) என்று எழுதி மறைக்கலாம், ஒரு சதமும் செலவில்லை. பற்றுச்சீட்டு இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நாளை நான் அழைக்கப் போகிறேன். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் எந்தக் கடையை விட்டும் இறங்காதீர்கள்.