தமிழ் எழுத்து உடையாமல் அச்செடுத்துத் தரும் தஞ்சோங் மாலிம் கடை

மலேசியாவின் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமான உப்சியில் தமிழ் எடுத்துப் படிப்பவர்கள் முதல் செமஸ்டரிலேயே தெரிந்துகொள்ள வேண்டிய கடை இது. எனக்கு மூன்றாவது செமஸ்டரில்தான் தெரிந்தது, அதுவும் ஓர் அடி வாங்கிய பிறகு. தஞ்சோங் மாலிம் பழைய கடைத்தெருவில், ரயில் நிலையம் போகும் பக்கம், பலகை வெயிலில் வெளுத்துப்போன சின்ன போட்டோஸ்டாட் கடை. பாவ் (ஆவியில் வெந்த பன்) வாங்கப் போகும்போது எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அந்த அடியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்த இடுபணி, 42 பக்கம். வேறொரு கடையில் காலை அவசரத்தில் அச்செடுத்து, பைண்டிங் போட்டு, திறந்துகூடப் பார்க்காமல் வகுப்புக்கு ஓடினோம். விரிவுரையாளர் கையில் கொடுத்த பிறகுதான் பார்த்தோம், தலைப்புகள் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தன. உள்ளே சில பக்கங்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் எழுத்து தனியாக நின்றது. இரண்டு வாரம் தூங்காமல் செய்த வேலை. ஒரு தோழி வகுப்பிலேயே அழுதுவிட்டாள்.

இந்தக் கடை அண்ணனிடம் அதே கோப்பைக் கொண்டுபோனபோதுதான் காரணம் புரிந்தது. வேர்டு கோப்பை அப்படியே கொடுத்தால் எழுத்துரு அதோடு சேர்ந்து போவதில்லை, கடைக் கணினியில் இருந்தால்தான் உண்டு. விண்டோஸ் 10 வந்த பிறகு லதா எழுத்துரு தானாக வருவதில்லை, தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்கள் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். தமிழ் வாடிக்கையாளர் அதிகம் வராத கடையில் அதை யார் சேர்த்து வைப்பார்கள்? இவர் வைத்திருக்கிறார். லதா, விஜயா, அப்புறம் நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள், எல்லாம் அந்தக் கணினியில் இருக்கின்றன. யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் தட்டச்சு செய்த பழைய குறிப்புகளைத் திறந்தால் கிறுக்கலாகத் தெரியுமே, அதையும் மாற்றித் தருகிறார்.

என் தோழி மேக் கணினியில் இணைமதி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தாள். இவர் கடையில் திறந்ததும் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொண்டது, எழுத்தின் அகலம் மாறியதால் 61 பக்கம் 66 ஆகிவிட்டது, பொருளடக்கத்தில் இருந்த எண் ஒன்றும் பொருந்தவில்லை. வேறு கடையாக இருந்தால் அப்படியே அச்செடுத்துக் காசை வாங்கியிருப்பார்கள். இவர் நிறுத்தி, “விடுதிக்குப் போய் உங்க கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்ல அனுப்புங்க தங்கச்சி, எழுத்து அதுக்குள்ளேயே பதிஞ்சி வந்துடும்” என்றார். அன்றிலிருந்து நாங்கள் யாரும் வேர்டு கோப்பைக் கொண்டுபோவதில்லை. நீங்களும் கொண்டுபோகாதீர்கள், எந்தக் கடையாக இருந்தாலும் சரி.

1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான இடம் உப்சி, அதனால் இங்கே அச்சு வேலையைவிட வெட்டி ஒட்டுகிற வேலைதான் அதிகம். பிராக்டிகம் எனும் பள்ளிப் பயிற்சி நெருங்கினால் கடை முழுக்க மணிலா அட்டையும், வகுப்பில் காட்டும் மின்னட்டையுமாகக் கிடக்கும். இவர் லேமினேட் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அட்டைகளை உறைக்குள் இடைவெளி விட்டு அடுக்குவார், இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வந்ததும் கனமான அகராதி ஒன்றை மேலே வைத்து ஆறவிடுவார், பிறகு அட்டையைச் சுற்றி ஒரு நூல் அளவு பிளாஸ்டிக் விட்டு வெட்டுவார். ஓரத்தை ஒட்டி வெட்டினால் இரண்டே நாளில் வாய் பிளந்துவிடும். கடைசியில் நான்கு மூலையையும் கத்தரியால் வளைத்துவிடுவார், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் கையைக் கிழிக்கக் கூடாது என்று. இதற்குத் தனிக்காசு வாங்கியதில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் பயிற்சிக்குப் போனபோது அந்த அட்டைகளைப் பிள்ளைகள் கடிக்காத குறை, ஒன்றுகூடப் பிரியவில்லை.

விலை மற்ற கடைகளைப் போலத்தான். கறுப்பு வெள்ளை பக்கத்துக்குப் பத்து காசு, சீப்பு பைண்டிங் மூன்று வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன்.

குறையும் இருக்கிறது. இடம் மிகச் சின்னது, ஒரே ஒரு காற்றாடி. செமஸ்டர் முடிகிற 14ஆவது வாரத்தில் போனால் கடைக்கு வெளியே ஐந்தடி நடைபாதை வரைக்கும் வரிசை நிற்கும், ஒவ்வொரு கோப்பையும் அவர் பார்த்துப் பார்த்து அச்செடுப்பதால் வரிசை நகரவே நகராது. கலர் அச்சில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக விழுகிறது, படம் நிறைய இருந்தால் வேறு இடம் பாருங்கள். புரோட்டோன் சிட்டி பக்கத்துப் புது வளாகத்தில் தங்கியிருப்பவர்களுக்குப் போய்வருவது சிரமம்தான், முதல் நாள் இரவே கோப்பை அனுப்பிவிட்டு டவுனுக்கு வரும்போது எடுத்துக்கொள்வது நல்லது.

போன மாதம் என் ஆய்வேட்டைக் கட்டக் கொடுத்தேன். சமர்ப்பணப் பக்கத்தில் என் பாட்டிக்கு இரண்டு வரி எழுதியிருந்தேன், முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர், அந்த மரமெல்லாம் இப்போது எண்ணெய்ச் செம்பனையாகிவிட்டது. மேற்பார்வையாளர் பார்த்தார், நான் பத்து முறை பார்த்தேன், தோழிகள் பார்த்தார்கள். இவர் முதல் பிரதியை அச்செடுத்து, தாளின் ஓரத்தை மேசையில் தட்டிச் சேர்த்துக்கொண்டே நின்று படித்தார். அப்புறம் அந்தப் பக்கத்தை மட்டும் உருவி என்னிடம் நீட்டினார்.

“பாள்மரம்னு இருக்கு தங்கச்சி. நானும் தோட்டத்துல பொறந்தவன்தான், இத இப்படியே விட மனசு வரல.”

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். அந்த ஒரு பக்கத்தை ஐந்து பிரதிக்கும் புதிதாக அச்செடுத்து, அதற்குக் கணக்குப் போடாமல் கட்டிக் கொடுத்தார்.