எர்பியக் கண்ணாடி நன்றாக ஒளிர: வெள்ளியா, இட்டெர்பியமா, ஈரம் நீக்குவதா?

நெல்லைப் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் ஆய்வேட்டுக்கு அருமண் கலந்த லேசர் கண்ணாடியை எடுக்கும் மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: 1,530 நானோமீட்டரில் எர்பியம் என்ற அருமண் தனிமம் தரும் அண்மை அகச்சிவப்பு ஒளியைக் கூட்ட எது நல்ல வழி? வெள்ளி நானோ துகள் என்று பாதிப் பேர் முன்பே முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். முதலில் கண்ணாடியிலிருந்து தண்ணீரை வெளியேற்றுங்கள் என்பதே என் பதில்.

காரணம் எளிது. எர்பியத்தின் ஒளிதரும் கிளர்நிலைக்கும் (ஆற்றல் பெற்று உயர்ந்த நிலை) அடிநிலைக்கும் இடையிலுள்ள இடைவெளி, அலையெண்ணில் சொன்னால், செ.மீ.க்கு ஏறத்தாழ 6,500. நீரிலிருந்து வந்து கண்ணாடியில் சிக்கிய ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) தொகுதியின் அதிர்வு 3,000 முதல் 3,500 வரை. இரண்டே அதிர்வுகளில் மொத்த ஆற்றலும் வெப்பமாகிப் போய்விடும். ஈரம் நீக்கிய ஃபாஸ்பேட் கண்ணாடியில் 8 மில்லிவினாடி அளவுக்கு நீடிக்கும் கிளர்நிலை, ஈரமான கண்ணாடியில் அதில் ஒரு சிறு பங்காகக் குறுகிவிடுகிறது.

ஃபாஸ்பேட் ஈரத்தை விரும்பி இழுக்கும் பொருள். மூலப்பொருளாக நாம் எடைபோடும் அம்மோனியம் டைஹைட்ரஜன் ஃபாஸ்பேட்டே சூடாகும்போது அம்மோனியாவோடு நீரையும் விடுகிறது. தென்காசியில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களிலும், பாளையங்கோட்டையில் ஐப்பசி மழையிலும் திறந்த மேசையில் எடைபோட்டால் காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். உருகிய கண்ணாடிக்குள் உலர்ந்த ஆக்சிஜனைக் குமிழிடச் செய்வது நல்ல தீர்வு. மூலப்பொருளில் சிறிது ஃபுளோரைடு சேர்த்தாலும் ஹைட்ராக்சில் வெளியேறும். ஆனால் அது ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயுவாகப் போகிறது. நல்ல புகைபோக்கி இல்லாத ஆய்வகத்தில் இதை யாரும் தொடவே கூடாது. வெறுமனே நெடுநேரம் உலையில் வைத்தால் ஃபாஸ்பரஸ் ஆக்சைடும் ஆவியாகி, கலவை விகிதம் மாறிவிடும்.

அமெரிக்காவின் லிவர்மோரில் உள்ள மாபெரும் லேசருக்காக 3,072 நியோடிமிய ஃபாஸ்பேட் பலகைகள் வார்க்கப்பட்டபோது, ஈரம் நீக்குவதற்கென்றே தனியொரு கட்டம் இருந்தது. இன்னொரு அருமண்ணான நியோடிமியத்தின் 1,053 நானோமீட்டர் ஒளிக்கும் ஹைட்ராக்சில் இதே பகைதான்.

எர்பியத்தோடு சேர்க்கப்படும் இட்டெர்பியம் என்ற அருமண் உண்மையிலேயே வலுவான போட்டியாளர். 980 நானோமீட்டர் ஒளியை எர்பியத்தைவிடப் பல மடங்கு அதிகமாக விழுங்கி, அந்த ஆற்றலை எர்பியத்துக்குக் கொடுக்கிறது. இங்கே ஃபாஸ்பேட்டின் ஒரு குணம் கைகொடுக்கிறது. அதன் அதிர்வு அலையெண் 1,200 அளவுக்கு உயர்ந்தது. அதனால் எர்பியம், ஆற்றலைப் பெற்ற மேல்நிலையிலிருந்து ஒளிதரும் நிலைக்கு விரைந்து இறங்கிவிடுகிறது. ஆற்றல் இட்டெர்பியத்துக்குத் திரும்பிப் போக அவகாசம் கிடைப்பதில்லை. பொதுவாகக் குறையென்று சொல்லப்படும் உயர்ந்த அதிர்வு ஆற்றல் இந்த இணைக்கு வரமாகிறது என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த செய்தி. ஆனால் இட்டெர்பிய அயனிகள் ஆற்றலைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டே இருக்கும். வழியில் ஒரு ஹைட்ராக்சில் எதிர்ப்பட்டால் அது அங்கேயே தொலையும். ஈரமான கண்ணாடியில் இட்டெர்பியத்தைக் கூட்டுவது, மடை உடைந்த குளத்துக்குக் கால்வாயை அகலப்படுத்துவது போன்றது.

வெள்ளிக்கு வருவோம். வெள்ளித் துகளின் பிளாஸ்மான் உட்கவர்தல் (துகளின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அசைந்து அதை விழுங்குவது) பெரும்பாலான கண்ணாடிகளில் 400 முதல் 500 நானோமீட்டருக்குள் அமைகிறது. நாம் பாய்ச்சுவது 980, எதிர்பார்ப்பது 1,530. இரண்டும் அதற்கு வெகுதூரம். நீல ஒளியில் கிளர்த்தும்போது கூடுதல் ஒளிர்வு கிடைத்தால்கூட, அது துகளால் வந்ததா, வெள்ளி அயனிகளும் சிறு கொத்துகளும் ஆற்றலைக் கடத்தியதால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டும். துகள் வளர்க்கச் செய்யும் வெப்பப் பதப்படுத்தலே கண்ணாடியை மாற்றிவிடும். ஆகவே வெள்ளி இல்லாத மாதிரியையும் அதே வெப்பத்தில் அதே நேரம் வைத்து ஒப்பிட வேண்டும். அந்த மாதிரி இல்லாத ஆய்வேட்டை நான் ஏற்க மாட்டேன்.

கண்ணாடியையே மாற்றலாம் என்பாரும் உண்டு. ஃபுளோரைடு கண்ணாடிக்கு உலர்காற்றுப் பெட்டி வேண்டும். நம் கல்லூரிகளுக்கு அது எட்டாது. டெல்லூரியம் ஆக்சைடால் ஆன டெல்லூரைட்டுக் கண்ணாடி 900 டிகிரிக்குள் சாதாரண மஃபிள் உலையிலேயே உருகும். ஒளிர்வுப் பட்டையும் அகலம். ஆனால் அதன் அதிர்வு அலையெண் 750 அளவே என்பதால் எர்பியம் மேல்நிலையிலேயே தங்கி, ஆற்றலின் ஒரு பகுதி பச்சை ஒளியாகப் போய்விடுகிறது. இதைத் தடுக்கச் சீரியம் சேர்ப்பார்கள். மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டில் மிகுதியாக இருக்கும் அருமண் அந்தச் சீரியம்தான். டெல்லூரைட்டை எடுக்கும் மாணவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த எர்பியம்-சீரியம் இணையைத்தான்.

எந்த வழியில் போனாலும் ஒளிர்வின் உயரத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். மாதிரியின் மெருகும் லேசர் படும் இடமும் மாறினாலே உயரம் மாறிவிடும். கிளர்நிலையின் ஆயுட்காலத்தையும், அகச்சிவப்பு நிறமாலையில் 3,000 அலையெண்ணை ஒட்டிய ஹைட்ராக்சில் பள்ளத்தையும் சேர்த்தே காட்டுங்கள். தடித்த மாதிரி தன் ஒளியைத் தானே மீண்டும் விழுங்கி ஆயுட்காலத்தை நீட்டிக் காட்டும் என்பதால், எல்லா மாதிரிகளையும் ஒரே தடிமனுக்குத் தேய்த்த பிறகே அளவிடுங்கள்.